கவர்னர் வேஷம் கட்டிய நாடகக்காரர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தார். "ஹாஸ்டல் நினைவு, கேன்டீன் நினைவு எல்லாம் நிறைய வந்துடுச்சு சார். நீங்க வேற ஏதாவது எழுதுங்க. படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கட்டும்" என்றார். அதனால் மசால் வடையை விட்டுவிட்டு, ஒரு நாடகக்காரரைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் ஆரம்பம் என்னவோ நம் கல்லூரியில்தான்.

1978-ம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு. கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாடகம் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் ஆங்கிலப் பேராசிரியர், "துக்ளக் போடலாமே" என்றார். எல்லோரும் துள்ளிக் குதித்தோம். "சோ சார் நாடகம்தானே சார்? ஜமாய்ச்சுடலாம்!" அவர் சிரித்தார். "அது இல்லப்பா. அது வேற துக்ளக். இது கன்னடத்துல கிரீஷ் கர்னாட் எழுதினது. லைப்ரரியில இங்கிலீஷ்ல இருக்கு, போய்ப் படிச்சுட்டு வாங்க."

போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். இரண்டு ராத்திரியில் முடித்தேன். தமிழ்நாட்டில் துக்ளக் என்றால் சிரிப்பு. சோ 1968-ல் போட்ட நாடகத்தில், கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் துக்ளக் நம் அரசியலைக் கிழி கிழி என்று கிழிப்பார். அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1964-ல், கர்னாட் எழுதிய துக்ளக்கில் சிரிப்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வலி. இந்துவும் முஸ்லிமும் தன் ஆட்சியில் சமமாக இருக்க வேண்டும், சுல்தானாகவே இருந்தாலும் நியாயத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கனவு கண்ட படித்த மனிதன், தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றி, செப்பு நாணயம் அடித்து, நம்பியவர்களையும் நம்பாதவர்களையும் கொன்று, கடைசியில் தன்னந்தனியாக நிற்கிறான். அவன் போட்ட ஒவ்வொரு நல்ல சட்டத்தையும் அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி தன் திருட்டுக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். நேரு காலத்துக் கனவுகள் கலைந்த கதை என்றுதான் நாடு முழுவதும் அதைப் பார்த்தார்கள். நேரு மறைந்ததும் அதே 1964-ல்தான்.

நாங்கள் அதைப் போடவில்லை. பாத்திரம் அதிகம், செலவு அதிகம் என்று ஒரு சிரிப்பு நாடகத்தோடு முடித்துக்கொண்டோம். நான் பரீட்சை எழுதி பேங்க் வேலைக்குப் போனேன். பதினாறு வருஷம் கழித்து, 1994-ல், குடும்பத்தோடு 'காதலன்' படத்துக்குப் போனபோது கதாநாயகியின் அப்பாவாக, பொல்லாத கவர்னராக ஒருவர் வந்தார். "யாருப்பா இவரு, நல்லா பண்றாரே" என்று என் பையன் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த துக்ளக்கை எழுதிய ஆளா இங்கே கவர்னர் வேஷத்தில்? இவருக்கு என்ன கஷ்டம் என்றுதான் அன்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு. ஏன் தப்பு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கர்னாட் 1938 மே 19 அன்று பம்பாய்க்கு அருகே மாதேரானில் பிறந்தார். அப்பா டாக்டர். அம்மா நர்ஸ் பயிற்சி பெற்றவர். சின்ன வயதிலேயே கைக்குழந்தையோடு விதவையாகி, பிறகு டாக்டரை மறுமணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. கிரீஷ் வயிற்றில் இருந்தபோது, போதும் குழந்தைகள் என்று கர்ப்பத்தைக் கலைக்க இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். அன்று டாக்டர் அம்மா வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இதை அம்மாவே பல வருஷம் கழித்து, சாப்பாட்டு மேஜையில், மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் தன் சுயசரிதையை அன்று வராமல் போன அந்த டாக்டருக்கே சமர்ப்பணம் செய்தார்!

வீட்டில் பேச்சு கொங்கணி. வளர்ந்தது சிர்சியிலும் தார்வாடிலும். சிர்சியில் கம்பெனி நாடகம் வரும், யட்சகானம் நடக்கும். யட்சகானம் நம்மூர் தெருக்கூத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் மாதிரி. ராத்திரி முழுக்க ஆட்டம், முகத்தில் வண்ணம், பாடிக் கதையை நடத்திச் செல்ல பாகவதர் என்று ஒருவர். பையன் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தான். ஆனால் ஆசைப்பட்டது ஆங்கிலத்தில் கவிஞனாக வேண்டும் என்று. பெரிய மனிதர்களின் படத்தை வரைந்து அவர்களுக்கே அனுப்பி ஆட்டோகிராப் வாங்குவதும் ஒரு பழக்கம். அயர்லாந்து நாடகாசிரியர் ஷான் ஓகேசி மட்டும், இதில் நேரத்தை வீணாக்காதே, உன் கையெழுத்தை மற்றவர்கள் கேட்கும்படி ஏதாவது செய் என்ற கருத்தில் பதில் எழுதினாராம்.

தார்வாட் கர்நாடகா கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் எடுத்துப் படித்தார். காரணம், அதில்தான் மார்க் அள்ளலாம், மார்க் இருந்தால் வெளிநாடு போகலாம். (நம்மில் எத்தனை பேர் இதே கணக்கில் குரூப் எடுத்தோம்!) கணக்குத் தப்பவில்லை. ரோட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடைத்து 1960-ல் ஆக்ஸ்போர்டு கிளம்பினார். அங்கே தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தார். ஆக்ஸ்போர்டு யூனியனுக்குத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கப்பல் ஏறுவதற்கு முன்பு வீட்டில் ஒரே கவலை. பையன் அங்கேயே தங்கிவிடுவானோ, வெள்ளைக்காரியைக் கட்டிக்கொள்வானோ என்று. அந்த நேரத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தது ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய மகாபாரதம். நம் வீடுகளில் 'வியாசர் விருந்து' என்று இருக்குமே, அதன் ஆங்கில வடிவம். அதில் யயாதி கதை. சாபத்தால் கிழவனான ராஜா, தன் முதுமையை வாங்கிக்கொள்ளச் சொல்லி மகன்களைக் கேட்கிறான். மற்ற மகன்கள் மறுக்க, கடைசி மகன் பூரு வாங்கிக்கொள்கிறான். அப்பாவின் பாரத்தைப் பிள்ளை சுமக்கும் கதை! 22 வயதுப் பையனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. ஆங்கிலத்தில் அல்ல, கன்னடத்தில். பூருவுக்கு ஒரு மனைவியை அவரே படைத்தார். கிழவனாகிவிட்ட புருஷனைப் பார்த்து அவள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த அரண்மனையில் யாரிடமும் பதில் இல்லை. 'யயாதி' 1961-ல் தார்வாட் மனோகர கிரந்தமாலா வெளியீடாக வந்தது. நாடகம் வரவேற்புப் பெற்றதும், தன் இடம் இங்கேதான், தன் பாஷை இதுதான் என்று ஆக்ஸ்போர்டில் இருந்தபடியே முடிவு செய்தார்.

1963-ல் திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம் மெட்ராஸ்! ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் சென்னைக் கிளையில் ஏழு வருஷம். நல்ல சம்பளம், கௌரவமான உத்தியோகம். சாயங்காலமானால் மெட்ராஸ் பிளேயர்ஸ் என்ற ஆங்கில நாடகக் குழுவில் நடிப்பு. வேலையில் சேர்ந்த மறுவருஷமே வந்ததுதான் 'துக்ளக்'.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றாக வேண்டும். "வேலைக்குப் போயிட்டேன், அப்புறம் நாடகத்துக்கெல்லாம் ஏதுங்க நேரம்" என்று முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தவன் நான். இந்த வருஷக் கணக்கைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மெட்ராஸ் நண்பர்கள்தான் அவரை சினிமாவுக்கும் கொண்டுபோனார்கள். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலைப் பட்டாபிராம ரெட்டி படமாக எடுத்தார். திரைக்கதையும் முக்கிய வேஷமும் கர்னாட். அக்ரஹாரத்தில் ஆசாரம் கெட்ட ஒருவன் செத்துப் போகிறான், அவனுக்குக் கொள்ளி போடுவது யார் என்பதுதான் கதை. செத்துப்போகிறவனாக நடித்தவர் எழுத்தாளர் பி. லங்கேஷ். கதாநாயகி, ரெட்டியின் மனைவி ஸ்நேகலதா. பின்னாளில் எமர்ஜென்சியில் சிறையில் வாடி, வெளியே வந்த சில நாளில், 1977 ஜனவரியில் இறந்தவர். கலை இயக்கம் சோழமண்டலம் ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ். கேமரா டாம் கோவன், ஆஸ்திரேலியாக்காரர். கன்னடப் படங்கள் பெரும்பாலும் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் செட் போட்டு எடுக்கப்பட்ட காலத்தில், இவர்கள் சிருங்கேரிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் எடுத்தார்கள். சென்னை தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. பிறகு மத்திய அரசு வரை போய்த் தடை நீங்கியது. 1970-ம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்கே கிடைத்தது. கன்னடத்துக்கு அந்த விருது வந்தது அதுதான் முதல் தடவை.

அதே 1970-ல் கர்னாட் வேலையை விட்டார். கையில் இருந்தது ஹோமி பாபா ஃபெலோஷிப் மட்டும், அதுவும் இரண்டு வருஷத்துக்கு.  1971-ல் 'ஹயவதனா' நாடகம் வந்தது. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்குமே, தலை மாறிப்போன இரண்டு பேரில் புருஷன் யார் என்று, அந்தக் கதைதான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் அதை வைத்து எழுதியதையும் படித்து, யட்சகானத்து பாகவதர், முகமூடி, திரை, பிள்ளையார் பூஜை எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவந்தார். 1972-ல் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் இதை ஆங்கிலத்தில் போட்டார்கள். தலை பெரிதா உடம்பு பெரிதா என்ற கேள்விக்கு வேதாளக் கதையில் விடை உண்டு. கர்னாட்டின் நாடகத்தில் அந்த விடை எல்லோரையும் சாகடிக்கிறது.

அதே 1971-ல் பி.வி. காரந்த்துடன் சேர்ந்து இயக்கிய 'வம்ச விருட்சா'வுக்குச் சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது. 1973-ல் 'காடு'. 1974-ல் புனே திரைப்படக் கல்லூரிக்கு இயக்குநர் ஆனார். அங்கே நடிப்பு மாணவர்கள் அவருக்கு எதிராகவே ஸ்டிரைக் செய்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் நஸீருதீன் ஷா. ஷியாம் பெனகல் 'நிஷாந்த்' படத்துக்குப் புதுமுகம் தேடியபோது, அதே நஸீரைத்தான் கர்னாட் சிபாரிசு செய்தார். "என்னை எதிர்த்தவன்" என்பது வேறு, "நல்ல நடிகன்" என்பது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். நம் ஆபீஸ்களில் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே வருஷத்தில் அந்த உத்தியோகத்தையும் விட்டுவிட்டார்.

1976-ல் பெனகலின் 'மந்தன்'. குஜராத் பால்காரர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம். கூட்டுறவு சங்கம் அமைக்க வரும் டாக்டராக கர்னாட். புதுப்பிக்கப்பட்ட பிரதி 2024-ல் கான் விழாவில் காட்டப்பட்டது. டி.வி.யில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்களுக்கு அவர் சுவாமியின் அப்பா. தமிழில் 'காதலன்', 'மின்சார கனவு', 'ஹே ராம்', 2016-ல் '24' வரைக்கும் வந்தார். ஹிந்தியில் சல்மான் கான் படத்தில்கூட நடித்தார்.

எல்லாமே ஜெயித்தது என்று சொல்லவில்லை. 1984-ல் சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தை 'உத்சவ்' என்று ஹிந்தியில் எடுத்தார். தயாரிப்பாளர் சசி கபூருக்குப் பெரிய நஷ்டம். கர்னாட் நடித்த கமர்ஷியல் படங்களில் பலவற்றை அவர் ரசிகர்களே மறந்துவிட்டார்கள். 2012-ல், தாகூர் பெரிய கவி, ஆனால் நாடகாசிரியராக இரண்டாம் தரம் என்று சொல்லி வங்காளத்தைக் கொதிக்க வைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்களும் உண்டு.

இனி, கவர்னர் வேஷத்துக்கு வருகிறேன். சினிமாவில் நடிப்பது பிழைப்புக்கு, நாடகம் எழுதுவதுதான் என் வேலை என்பதை அவர் மறைத்ததே இல்லை. நாடகம் சோறு போடாது என்று எல்லோரையும் போல அவருக்கும் தெரியும். சோறு போடாத நாடகத்தைச் சோற்றுக்காக மாற்றி எழுத அவர் தயாராக இல்லை. அதனால் வேறொன்றை விற்றார்: தன் முகத்தை, குரலை, கால்ஷீட்டை. அந்தப் பணத்தில் தனக்கே நேரம் வாங்கிக்கொண்டார். அறுபது வருஷத்தில் சுமார் பதினைந்து நாடகங்கள்தான். குறைவுதான். ஆனால் எதுவும் கதாநாயகனுக்காகவோ வசூலுக்காகவோ வளைக்கப்பட்டதில்லை.

அப்படி வாங்கிய நேரத்தில் என்ன எழுதினார்? 1987-88-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 'நாகமண்டலா'. அந்த நாட்டுப்புறக் கதையைச் சொன்னவர் ஏ.கே. ராமானுஜன், நம் குறுந்தொகையை ஆங்கிலத்தில் உலகத்துக்குக் காட்டிய அதே ராமானுஜன். நாட்டில் மண்டல், மந்திர் என்று தெருவெல்லாம் சண்டையாக இருந்த 1990-ல் 'தலெதண்டா'. 12-ம் நூற்றாண்டுக் கல்யாண நகரத்தில், பசவண்ணரைப் பின்பற்றியவர்கள் ஜாதியை மறுத்து ஒரு பிராமணப் பெண்ணைச் செருப்புத் தைப்பவர் மகனுக்குக் கட்டிவைக்க, ஊரே ரத்தக்களரியானதைச் சொன்ன நாடகம். 1995-ல் 'அக்னி மத்து மளே'. 1998-ம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது. கடைசி நாடகம் விஜயநகரம் வீழ்ந்த தலைக்கோட்டைப் போரைப் பற்றியது. அதை எழுதும்போது வயது எண்பதை நெருங்கிவிட்டது, மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

அந்தக் குழாயோடுதான் 2018 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் ஒரு கூட்டத்துக்கு வந்தார். ஒரு வருஷம் முன்பு சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் நினைவு நாள். 'சம்ஸ்காரா'வில் பிணமாகக் கிடந்தாரே லங்கேஷ், அவர் மகள் கௌரி. கொலை விசாரணையில் கிடைத்த டைரியில் கர்னாட்டின் பெயரும் இருந்ததாக அந்த வருஷம் செய்தி வந்திருந்தது. அப்போது பலர் 'அர்பன் நக்சல்' என்று முத்திரை குத்தப்பட்டுக் கைதாகியிருந்தார்கள். நானும் அர்பன் நக்சல்தான் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். போலீஸில் புகார் கொடுத்தார்கள். அந்த அட்டை சரியா தப்பா என்று இந்த மலரில் வழக்காட நான் வரவில்லை. நம் பழைய மாணவர்களிலேயே இரண்டு கட்சியும் உண்டு. நான் பார்த்தது ஒன்றுதான். எண்பது வயதில், சுவாசம் குழாயில் ஓடும்போது, யாரிடமும் அனுமதி கேட்காமல் அப்படி வந்து உட்கார ஒருவரால் முடிந்தது. அதைப் பறிக்க அவர் எந்த முதலாளிக்கும் உரிமை கொடுத்து வைத்திருக்கவில்லை.

2019 ஜூன் 10 அன்று பெங்களூரில் காலமானார். அரசு மரியாதை வேண்டாம், சடங்கு வேண்டாம், மாலை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்பும் ஆக்ஸ்போர்டு டிகிரியும் கையில் இருந்தவர் வேலையை விடுவதும், வீட்டில் இரண்டு தங்கை கல்யாணம் பாக்கி இருக்கும் பையன் விடுவதும் ஒன்றல்ல. அது எனக்கும் தெரியும். பேங்க் வேலைதான் என் குடும்பத்தைக் கரையேற்றியது. அதில் எனக்கு வெட்கமில்லை. எனக்கு வருத்தம் வேறு. நான் வேலைக்கு என் நேரத்தை மட்டும் கொடுத்திருக்கலாம். கேட்காமலேயே மிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கர்னாட் சின்ன வயதிலேயே பிரித்து வைத்திருந்தார். நீங்களும் இந்த மூன்று வருஷத்துக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். உத்தியோகம் எதுவானாலும் அப்புறம் பயமில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 1978-ல் செலவு அதிகம் என்று நாங்கள் கைவிட்ட அந்த துக்ளக்கை, முறைப்படி அனுமதி வாங்கி, அடுத்த ஆண்டு விழாவில் நீங்கள் போடுங்கள். உடை, விளக்குச் செலவு எங்கள் பேட்ச் பொறுப்பு. நண்பர்களிடம் பேசிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை. எனக்கு ஒரு சின்ன வேஷம் ஒதுக்கினால் போதும். கோட்டை வாசலில் நிற்கும் காவல்காரன் வேஷம் இருக்கிறது, வசனம் கொஞ்சம்தான். இப்போதே மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டேன்.